எலும்பு டாக்டரின் கார்

அக்கா அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிவந்த மத்தியானம், நான் ஒரு ரத்த அழுத்த மாத்திரையின் பக்கவிளைவுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு மெல்லிய காகிதம் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காமல் தூக்கிப் போடுவது, அதில் பிழை பார்ப்பதுதான் என் வேலை. 'சிலருக்குத் தலைவழி வரலாம்' என்று அச்சாகியிருந்தது. எது தலைவழியாக வரும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டே வழியை வலியாக்கினேன். ஜன்னல் விளிம்பில் ஊன்றியிருந்த என் முழங்கைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. பிறகு காதுக்கு வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் யாரோ ஒரு பெரிய ஆள் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் ஒன்று.

மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே ஸ்கூட்டர்களுக்கு நடுவே, கருப்பா நீலமா என்று தீர்மானிக்க முடியாத நிறத்தில், ஒரு நீளமான கார் நின்றிருந்தது. இரண்டே கதவு. மூக்கு மட்டும் எங்கள் சமையலறை நீளம் இருக்கும். வால் பக்கம் கேட்டைத் தாண்டித் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்து, மருத்துவமனைக்குப் போகும்போது போடும் அதே சாம்பல் நிற உடுப்பில், அதே தோள்பையோடு அக்கா இறங்கினாள். மேலே பார்த்துக் கையசைத்தாள். நான் படிகளில் இறங்கி ஓடினேன்.

"யாரோட வண்டிக்கா இது?"

"நம்மளோடது."

எனக்கு வந்த கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஏனென்றால் இந்த உலகத்தில் அக்கா மனதார வெறுத்த ஒரே கார் அதுதான். அது மருத்துவமனையில் இருந்த எலும்பு டாக்டருடையது. அக்கா அங்கே முப்பத்திரண்டு வருஷம் காது பரிசோதனை செய்தவள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்னக் கூண்டு அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருவாள். ஊர்ச் சத்தம் எல்லாவற்றையும் தடுத்துவிடும் அந்தச் சுவர், கீழ்ச் சுருதியில் வரும் உறுமலை மட்டும் தடுக்காதாம். காலை ஒன்பது பத்துக்கு எலும்பு டாக்டரின் கார் கட்டடத்துக்குள் நுழையும். காது மந்தமான பெரியவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுச் சந்தோஷமாகப் பட்டனை அமுக்குவார்கள். அக்கா நாலு முறை எழுத்துமூலம் புகார் கொடுத்தாள். ஒருமுறை டாக்டரே நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாளும் ஒன்பது பத்துக்கு வந்தார். "அந்த ஆள் கார் இல்ல, பூகம்பம் வெச்சிருக்கான்" என்று சாப்பிடும்போது திட்டுவாள்.

அந்த டாக்டருக்கு இப்போது எழுபது வயது. எத்தனையோ பேர் முதுகை நிமிர்த்தியவருக்கு, தரையோடு தரையாக இருக்கும் அந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க இரண்டு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது. விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா போய்க் கேட்டிருக்கிறாள். விளையாடுகிறாள் என்றுதான் அவர் நினைத்தாராம். பிறகு சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாராம்: "வாரத்துல ஒரு நாளாவது நல்லா தூரமா கூட்டிட்டுப் போங்க. சும்மா நின்னா மனசு விட்ருவான்."

இரண்டு வருஷம் மிச்சமிருக்கும்போதே அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "போதும்னு தோணுச்சு" என்றாள். கல்யாணம் வேண்டாம் என்றவள், ஊர் சுற்றாதவள், செருப்புகூடப் பழையது பிய்ந்த பிறகுதான் வாங்குகிறவள். அப்படிப்பட்டவள் பதினெட்டு வருஷம் ஓடிய ஒரு ராஜா வீட்டு வண்டியை வாங்கி வந்து, கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு குட்டி" என்றால் நான் என்ன சொல்வது. எனக்கு ஐம்பது வயது. அவளுக்கு நான் இன்னும் குட்டிதான்.

முதல்முதலில் அதில் உட்கார்ந்ததை இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது. சீட்டின் தோல் வெளிர்ப் பழுப்பு. உள்ளங்கை ரேகைபோல மெல்லிசாக வெடித்திருந்தது. கதவு மூடும்போது, மெத்தைமேல் தலையணையைப் போடுவதுபோல ஒரு சின்ன 'தொப்'. அவ்வளவுதான், தெரு போய்விட்டது. தெரு இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. வெங்காயம் விற்கிறவர் வாய் அசைந்தது, பள்ளிக்கூட வேன் நின்று போனது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல. அக்கா சாவியைத் திருப்பியதும் என் முதுகெலும்பின் கீழிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, தோள் வரைக்கும் வந்து, அங்கேயே தங்கிவிட்டது. பன்னிரண்டு சிலிண்டர் என்றாள். எனக்கு அது ஒரு எண். அவள் அதை வீட்டில் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வண்டி போவதே தெரியாது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருப்போம், ஊர்தான் எழுந்து எங்களைத் தாண்டிப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். நெடுஞ்சாலைக்கு வந்ததும் அக்கா காலை லேசாக அழுத்துவாள். மரங்களின் அடிப்பாகம் கரைந்து, உச்சிகள் மட்டும் மெதுவாக நீந்தி வரும். பேச்சு வராது. நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று கேட்காமல் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மணி நேரம் கழித்து எங்கேயோ ஒரு டீக்கடை முன்னால் இறங்கும்போது, தரை கொஞ்சம் கடினமாக இருப்பதுபோல் தோன்றும். என் கல்யாண வாழ்க்கை பதிமூன்று வருஷம், அது முடிந்து அக்காவோடு வந்து தங்கியது பதினோரு வருஷம். இரண்டிலும் கிடைக்காத ஒரு ஓய்வு அந்த சீட்டில் கிடைத்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொன்று வாங்கிவிடுவாளோ என்று பயம்.

ஆனால் சொகுசு வண்டிக்கு உடம்பு சொகுசு கேட்கும். முதல் மாதமே பேட்டரி இறங்கியது. சார்ஜ் போட்டு வைத்தால் மூன்றாம் நாள் மறுபடி இறங்கிவிடும். அக்கா தேடிப் பிடித்த மெக்கானிக் நாற்பது வயதுக்காரர். ரொட்டி பேக்டரிக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். காருக்குள் ஏறும்முன் செருப்பைக் கழற்றி வெளியே விடுவார். எல்லா வண்டியையும் வா போ என்று பேசுகிறவர், இதை மட்டும் மரியாதையாகத்தான் சொல்வார்.

"இவங்க தூங்கும்போது எங்கேயோ கரண்ட் எடுக்கறாங்கம்மா. கனவு காணுறாங்க போல."

கனவு எங்கே என்று கண்டுபிடித்தது அக்காதான். டிக்கியில் இருக்கும் சின்ன விளக்கு, மூடிய பிறகும் எரிகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். அதை எப்படிப் பார்ப்பது? ஐம்பத்தெட்டு வயது மனுஷி, ஞாயிற்றுக்கிழமை காலையில், குடியிருப்பு முழுக்கப் பால்கனியில் நின்று பார்க்க, டிக்கிக்குள் ஏறி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "மூடு" என்றாள். மூடினேன். "எரியுதாக்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. தட்டினேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். பதில் இல்லை. முதல் மாடி மாமி பால்கனியிலிருந்து, "ஏம்மா, உங்கக்காவை என்ன பண்ணப் போற?" என்றார். திறந்தால், அக்கா கன்னத்துக்குக் கீழே கை வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படுத்திருந்தாள். முகத்தில் விளக்கு வெளிச்சம்.

"எரியுது" என்றாள். "ஏன் அதுக்குள்ள தொறந்த? எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா உள்ள."

"எத்தனை தடவை கூப்பிட்டேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "இரும்புப் பொட்டி, கேக்கல" என்றாள்.

பிறகு இன்ஜினில் ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டது. அந்தக் குழாய் கடல் தாண்டி வர நாற்பது நாள் ஆனது. வந்தது இடது பக்கத்துக்கானது, எங்களுக்கு வேண்டியது வலது. அந்த நாட்களில் அக்கா தினமும் சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். மெக்கானிக் ஒரு நீளமான திருப்புளியின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அக்கா அவரிடமிருந்து அதை வாங்கி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாள். "எலும்பு வழியா கேட்டுப் பாருங்க" என்று அவருக்கும் சொல்லிக் கொடுத்தாள். "ஏழாவது ஆள் கொஞ்சம் சோம்பேறி" என்பாள். மெக்கானிக் ஏழாவது பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருவாள். சோப்புப் போட்டுக் கழுவியும் நகத்தோரம் கருப்பு போகாது. அந்தக் கையால் எனக்குக் காபி போட்டுக் கொடுக்கும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவை வேலையில் இருந்த காலத்தில் நான் பார்த்ததே இல்லை.

இங்கே நான் என் கதையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா படுக்கையில் இருந்தபோது அக்காவுக்கு முப்பத்துநாலு வயது. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று கண்டுபிடிக்கும் புதுப் பரிசோதனை அப்போதுதான் வந்திருந்தது. அதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டில் மூன்று மாதப் பயிற்சி, மருத்துவமனையிலிருந்து ஒரே ஆள், அது அக்கா என்று முடிவாகியிருந்தது. அந்த மூன்று மாதம் மட்டும் நீ வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாயா என்று எனக்குப் போன் செய்தாள். எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம். மறுநாள் கூப்பிட்டு, "அவரு வேண்டாங்கறாருக்கா" என்றேன். அக்கா, "பரவால்ல, விடு" என்றாள். வேறொருத்தி போனாள். திரும்பி வந்து அந்தப் பிரிவுக்கே தலைவியானாள். அக்கா கூண்டுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். பதிமூன்று வருஷம் கழித்து நான் ஒரு பெட்டியோடு அவள் வாசலில் நின்றபோது, ஏன் என்றுகூடக் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். உண்மை என்னவென்றால், என் கணவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை.

அதை எத்தனையோ வருஷம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், குழாயைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அவரு வேண்டாம்னு சொல்லல அக்கா. நான் கேக்கவே இல்ல. என்னை மன்னிச்சிரு." பின்னால் மேசையில் உட்கார்ந்து அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சொன்னாள்: "தண்ணி வருதா இன்னும்?"

வருது என்றேன். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்திருப்பேன். பேச்சை மாற்றிவிட்டாள். மன்னிக்க மாட்டாள். மன்னிக்கும் அளவுக்கு என்னை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. சில சமயம், இதற்குமேல் பேசி என்னைச் சிறுமைப்படுத்தாமல் விட்டாள் என்றும் நினைப்பேன். எப்படி நினைத்தாலும் அந்த மூன்று வார்த்தைக்குமுன் நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா கூப்பிட்டால் வருவதும், கொடுத்தால் சாப்பிடுவதும், அந்தக் காரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் எல்லாம் அப்படி நின்றபடிதான்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் வண்டியில் ஒரு விசில் கேட்கத் தொடங்கியது. கொசு காதருகே வந்து பாடுவதுபோல மெல்லிசாக, உயரமாக. ஸ்டார்ட் செய்யும்போது இருக்கும், வேகம் கூடினால் கூடவே ஏறும். விலை உயர்ந்த வண்டி இப்படியும் பாடும்போல என்று நினைத்தேன். ஒருநாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "விசில் மாதிரி ஒண்ணு வருதுல்ல?" என்றேன். "ம்" என்றாள் அக்கா. ஏழாவது ஆளின் சோம்பேறித்தனத்தையே கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்.

பத்து நாள் கழித்து, ஆற்றுப் பாலத்தின் நட்டநடுவில், பட்டென்று ஏதோ அறுந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது என்றாள் அக்கா. சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது. பாலத்தின் ஓரம் வரை எப்படியோ உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினாள். மூக்கின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. காலை எட்டு மணி. கீழே ஆறு ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் மெக்கானிக் பைக்கில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பானட்டைத் திறந்து, கருப்பாக ஒரு ரப்பர்த் துண்டை வெளியே எடுத்தார்.

"பெல்ட்டை இழுத்துப் பிடிக்கற சின்னச் சக்கரம் தேஞ்சிருக்கும்மா. சும்மா ஒண்ணும் அறுந்து போகல. பத்து நாளாவது கத்தியிருப்பாங்களே. விசில் அடிச்சிருக்குமே. உங்களுக்குக் கேக்கலையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மெக்கானிக்கைப் பார்த்து, "கேட்டுச்சு. அக்காவுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றேன். மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கட்டி இழுக்கும் லாரிக்குப் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு, தேவைக்கு அதிகமாகவே தூரம் நடந்து போனார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தோம். அக்கா ஆற்றைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள். தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்குமுன், மெஷின் சரியாக இருக்கிறதா என்று அவளே ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு சுருதியாகக் கேட்டுப் பார்ப்பாளாம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் சுருதி வரவில்லை. மெஷின் ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்தாள். கம்பெனி ஆள் வந்தார். மாட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றார். திருகிக் காட்டினார். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அப்புறம் அதுக்குக் கீழ இருக்கறது போச்சு. அதுக்குக் கீழ பாதி. யார்கிட்டயும் சொல்லல. கேக்காத ஆளு கேக்குதான்னு கேட்டுட்டு உக்காந்திருக்கறது நியாயமில்லன்னு தோணுச்சு. வந்துட்டேன்."

"என் குரல்?"

"பாதி வருது. மீதிய உன் வாயைப் பாத்து நானே போட்டுக்கறேன்."

"திரும்பி நின்னு பேசினா?"

"என்னமோ ராகம் இழுக்கற மாதிரி இருக்கும். நீ ஏதோ சொல்றேன்னு தெரியும். உத்தேசமா ஒரு பதில் போடுவேன்." சிரித்தாள். "பெரும்பாலும் சரியா இருக்கும்."

ஒரு லாரி எங்களைக் கடந்தது. பாலம் அதிர்ந்தது. அக்கா அந்த அதிர்வு முழுசாகப் போகும்வரை காத்திருந்தாள். "கீழ் சுருதி மட்டும் ஒண்ணும் ஆகல. அது அப்படியே இருக்கு. கடைசி மாசம் ஒன்பது பத்துக்கு அவரு வண்டி வரும்போதெல்லாம் கண்ணுல தண்ணி வந்துரும் குட்டி. எதுவும் கொறையாம, முழுசா எனக்குக் கேக்கற ஒரே சத்தம் அதுதான்."

"காதுக்கு மெஷின் வெச்சுக்கலாமேக்கா. ஊருக்கெல்லாம் மாட்டி விட்டவ நீ."

"வெச்சுக்கறேன். இப்ப என்ன அவசரம். வெச்சா வேண்டாததெல்லாம் கேக்கும்."

வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்த மூன்று வாரமும் எனக்கு வேலை ஓடவில்லை. 'மங்கலான பார்வை' என்பது 'மங்கள பார்வை' என்று போய், அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அந்த வீட்டில் நான் நாலு வருஷமாக எத்தனை வார்த்தைகளை முதுகைக் காட்டிக்கொண்டு பேசியிருப்பேன் என்று யோசித்தேன். அடுப்பைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, துணி மடித்துக்கொண்டு. எல்லாம் ராகமாக மட்டும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. தண்ணி வருதா என்று அவள் கேட்டது, குழாயடியில் நிற்கிற ஒருத்தி எதைப் பற்றி இத்தனை நீளமாகப் பேசுவாள் என்று உத்தேசமாகப் போட்ட பதில். அப்படியானால் அவள் என்னை மன்னிக்க மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை, மறுபடியும். முதலில் மனசு லேசானது. மறுநாளே அது பயமாக மாறிவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது. சொல்லாமலேயே இருந்துவிடலாம். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு கதவு திறந்தே கிடந்தது, காற்றில் ஆடிக்கொண்டு. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அது முதுகில் பட்டது. அந்த நாட்களில் தூக்கத்தில், நீளமான ஒரு காரின் பின்னால் ஓடிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டு போவேன். என்ன சொன்னேன் என்பது விழித்ததும் மறந்துவிடும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மெக்கானிக், "மலை ஏத்திப் பாருங்கம்மா. உச்சி வரைக்கும் சூடாகாம போனாங்கன்னா முழுசா குணமாயிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க காதைக் கொஞ்சம் தீட்டி வெச்சுக்கங்க" என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். அடிவாரத்தில் வெயில் இருந்தது. பத்து வளைவுக்குமேல் வெயிலைக் காணோம். மூடுபனி சாலையின் குறுக்கே படுத்திருந்தது. எங்கள் விளக்கு பட்டதும் சோம்பலாக எழுந்து வழி விட்டது. அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, வளைவுக்கு வளைவு வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஏற்றினாள். இன்ஜின் ஏறுமுகத்தில் அடித்தொண்டையில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. மரங்கள் பக்கத்தில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போயின. எந்த உயரத்தில் இருக்கிறோம், மணி என்ன, எதுவும் தெரியவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசில் இல்லை. ஒரு கீச்சொலி இல்லை. முள் நடுவிலேயே நின்றது.

சாலை கொஞ்சம் அகலமாகும் ஓர் இடத்தில் அக்கா ஓரங்கட்டினாள். இன்ஜினை நிறுத்தவில்லை. "கொஞ்ச நேரம் நின்ன எடத்துலயே ஓடட்டும், சூடு ஏறுதான்னு பாக்கலாம்" என்றாள். முன் கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. நீர்த்துளிகள் சேர, வைப்பர் தானாக ஒருமுறை எழுந்து துடைத்துவிட்டுப் படுத்தது. சீட்டின் அதிர்வு என் தொடையில் இருந்தது. நான் திரும்பி அவளுக்கு நேராக உட்கார்ந்தேன்.

"அக்கா, என்னைப் பாரு."

பார்த்தாள். கண்ணை அல்ல, வாயை. இத்தனை நாள் அவள் என் கண்ணுக்குக் கொஞ்சம் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்மா படுத்திருந்தப்ப, நீ பயிற்சிக்குப் போறதுக்கு என்னை வரச் சொன்னல்ல. அவரு வேண்டாம்னுட்டாருன்னு சொன்னேன். அவரு அப்படிச் சொல்லல."

அக்காவின் முகம் மாறவில்லை. வைப்பர் எழுந்து படுத்தது.

"மறுபடி சொல்லு" என்றாள்.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்து, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "அவரு சொல்லலக்கா. நான் அவர்கிட்ட கேக்கவே இல்ல. வீட்டுல அதைப் பத்திப் பேசவே இல்ல. மறுநாள் உனக்குப் போன் பண்ணி நானா சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவை."

இந்த முறை எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் கேட்கிறாளா, கேட்டுவிட்டுக் கேட்கிறாளா. அவள் கண் என் வாயில்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிறர் முகத்தையே பார்த்திருந்த முகம், எதையும் காட்டாது. என் வேலையில் ஒரே காகிதத்தை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பார்கள். முதல் முறை எழுத்துப் பிழை தெரியும், இரண்டாம் முறை வார்த்தைப் பிழை. மூன்றாம் முறைதான் அந்த வாக்கியமே தப்பு என்று தெரியும்.

"எனக்கு வர விருப்பமில்ல" என்றேன். "அம்மாவைப் பொரட்டிப் படுக்க வைக்கறது, தொடைக்கறது, அந்த வாடை, எல்லாம் நெனச்சாலே பயமா இருந்துச்சு. புதுக் கல்யாணம், சந்தோஷமா இருக்கணும்னு நெனச்சேன். நீ எப்படியும் பாத்துக்குவேன்னு தெரியும். அதான் பொய் சொன்னேன்."

அக்கா முன் கண்ணாடியைப் பார்த்தாள். சூட்டு முள்ளைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். 'தொப்' என்று மூடியது.

பனிக்குள் அவளைக் காணவில்லை. நான் அசையாமல் இருந்தேன். அந்த மலையில் வேறு ஒருவருமே இல்லை என்பதுபோல் இருந்தது. பள்ளம் எந்தப் பக்கம் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வைப்பர் எழுந்து துடைத்தபோது, வண்டியின் மூக்குக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் பானட்டின்மேல் விரித்து வைத்து, தலையைக் குனிந்துகொண்டு. இன்ஜின் சூட்டில் பனி அந்த இடத்தில் மட்டும் தங்கவில்லை. அவளைச் சுற்றி ஒரு ஆள் அளவுக்குக் காற்று சுத்தமாக இருந்தது. அவள் தோள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டும் கைவழியாக ஏறி அங்கே போய் அதிர்கின்றனவா, அழுகிறாளா, சிரிக்கிறாளா, உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு நிமிர்ந்தாள். கையை வண்டியின் உடம்பிலிருந்து எடுக்காமல், அதைத் தடவிக்கொண்டே என் பக்கமாக வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று என் முகத்தை, இந்த முறை கண்ணை, பார்த்து ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். கண்ணாடியின் அந்தப் பக்கம் அவள் வாய் அசைந்தது, ஆவி வந்தது, எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அந்த உதடுகளை உற்றுப் பார்த்தேன். படிக்கத் தெரியவில்லை. விரலால் கதவில் பொத்தானைத் தேடினேன். கண்ணாடி முனகிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அவள் குரலுக்கு முன்னால் பனி உள்ளே வந்தது.